உயிரோடு விட்டால் மட்டும் போதுமா?

“நாய் வண்டி வருது!”

பழைய மெட்ராஸில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கூச்சல் இன்னும் காதில் இருக்கும். மாநகராட்சி வண்டி தெருமுனையில் திரும்பியதுமே பிள்ளைகள் ஓடிப்போய், தங்கள் தெரு நாயை ஏதாவது ஒரு வீட்டுக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துவார்கள். கழுத்தில் பெல்ட் இல்லாத நாய் சிக்கினால் சுருக்குக் கம்பிதான். வண்டியில் ஏறிய நாயை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவிடுவார்கள். நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் 1860-ல் தொடங்கியது. 1990-களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டதாக புளூ கிராஸ் அமைப்பின் டாக்டர் எஸ். சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். நூற்று முப்பது வருடங்களுக்கு மேல் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை. வெறிநாய்க்கடியும் ஓயவில்லை. ஒரு முனையிலிருந்து நாயைப் பிடித்துக்கொண்டு போனாலும் அந்த முனையில் கொட்டுகிற சோறும் எலும்பும் அங்கேயேதான் கிடந்தன. அடுத்த தெரு நாய் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. அதன் குட்டிகளுக்குப் போட்டியில்லாமல் சாப்பாடு கிடைத்தது.

இதை மாற்றியவர்களின் கதை 1959-ல், ஒரு மழைக்கால தி.நகரில் தொடங்குகிறது. வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார் கேப்டன் வி. சுந்தரம். அவர் விமானி. மனைவி உஷா சுந்தரமும் விமானி. இந்தியாவில் விமானம் ஓட்டிய முதல் பெண்களில் ஒருவர். அந்த வீடு அடிபட்ட, அநாதையான பிராணிகளுக்கான வீடாகி, பிறகு புளூ கிராஸ் ஆஃப் இந்தியா என்ற அமைப்பானது. ‘கொல்லாதீர்கள், கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள்’ என்று 1964-லிருந்து அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மாநகராட்சி அதை முழுதாக ஏற்றுக்கொண்டது 1996-ல். முப்பது வருடங்களுக்கும் மேலாக ஒரே கோரிக்கையோடு படியேறியிருக்கிறார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. 2001-ல் மத்திய அரசின் விதிகளாகவே அது வந்தது. 2023-ல் அந்த விதிகள் திருத்தி எழுதப்பட்டன. இன்று கருத்தடையின் அடையாளமாகக் காது நுனியில் சின்ன வெட்டோடு தெருவில் படுத்திருக்கும் ஒவ்வொரு நாயும் அந்த வாதத்துக்கு சாட்சி.

இந்த விஷயத்தில் சென்னைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகள் வதையைத் தடுக்க அங்கே தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சிதான் 1960-ன் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பல பத்தாண்டுகள் அதன் தலைமையகம் இந்த ஊரில்தான் இருந்தது.

ஆக, ஆரோக்கியமான ஒரு தெரு நாயைக் கொல்லக் கூடாது என்பது நம் நாட்டில் சட்டம். அதற்காக வாதாடும் வேலையை நமக்கு முன்னால் வந்தவர்கள் முடித்துவிட்டார்கள். நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. கண் போன நாயை எந்தத் தெருவில் விடுவது? லாரி ஏறி இடுப்புக்குக் கீழே செயலிழந்ததை? வீட்டில் ஏசி அறையில் வளர்ந்து, ஒரு நாள் காரிலிருந்து இறக்கிவிடப்பட்ட லாப்ரடாரை? இவற்றுக்கெல்லாம் காப்பகம்தான் கதி. ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும். பூனை அதைவிடக் கூடுதலாகவும் வாழும். கொல்ல மாட்டோம் என்று முடிவெடுக்க ஒரு நாள் போதும். அந்தப் பன்னிரண்டு வருடமும் அந்த உயிரோடு யார் இருப்பது?

அமெரிக்காவில் நடந்தது

அங்கே நிலைமை வேறு. தெரு நாய் என்று பெரிதாக எதுவும் கிடையாது. எல்லாம் காப்பகத்துக்குள் போய்விடும். வைத்துக்கொள்ள இடமில்லாதபோது காப்பகமே ஊசி போட்டுக் கொன்றுவிடும். 1980-களில் இப்படி ஆண்டுக்கு ஒரு கோடியே எழுபது லட்சம் நாய்களும் பூனைகளும் செத்துக்கொண்டிருந்தன என்பது பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் என்ற அமைப்பின் கணக்கு. 1984-ல் ஒரு நண்பர் கூட்டம் யூட்டா மாநிலத்தின் கனாப் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், செம்பாறைப் பள்ளத்தாக்கு ஒன்றில் நிலம் வாங்கி அந்த அமைப்பின் சரணாலயத்தை ஆரம்பித்தார்கள். இன்று அங்கே சுமார் 1,600 உயிர்கள் இருக்கின்றன. நாய், பூனை, குதிரை, பன்றி, முயல், கிளி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பகுதி. காப்பகங்களில் சாகிறவற்றின் எண்ணிக்கை நாடு முழுக்க ஆண்டுக்கு நான்கு லட்சத்துச் சொச்சமாக இறங்கியிருக்கிறது. வருகிறவற்றில் குறைந்தது 90 சதவீதத்தைக் காப்பாற்றினால் அதைக் கொல்லாத காப்பகமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மீதிப் பத்து, மருந்தால் மீட்க முடியாத வேதனையில் இருப்பவற்றுக்கும், மனிதருக்கு நிஜமான ஆபத்தாக மாறிவிட்டவற்றுக்கும். அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. வெறிநோய் முற்றிய ஒரு நாயின் கடைசி மணிநேரங்களைப் பார்த்த யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

இந்தச் சரணாலயத்தை உலகம் திரும்பிப் பார்த்தது 2008-ல். அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் மைக்கேல் விக்குக்குச் சொந்தமான வர்ஜீனியா பண்ணையில் நாய்ச் சண்டை நடத்தியது அம்பலமாகி, ஐம்பதுக்குச் சற்றுக் கூடுதலான பிட்புல் நாய்களைப் பிடித்தார்கள். அவற்றைக் கொன்றுவிடுவதே நல்லது என்று பெரிய விலங்கு நல அமைப்புகளே சொன்னன. நீதிமன்றம் அவசரப்படவில்லை. ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பரிசோதிக்கச் சொன்னது. அவற்றின் நலனைக் கவனிக்க ஒரு சட்டப் பேராசிரியரை நியமித்தது. மிகக் கடினமானவை என்று ஒதுக்கப்பட்ட 22 நாய்கள் கனாப்புக்கு வந்தன. பல நாய்கள் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நடுங்கியபடி கிடந்தன. பராமரிப்பாளர்கள் அவற்றின் பக்கத்தில் போய் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். காலப்போக்கில் பல நாய்கள் நன்னடத்தைத் தேர்வில் தேறி வீடுகளுக்குப் போயின. லூகாஸ், மெரில் என்ற இரண்டை மட்டும் ஆயுள் முழுக்க அங்கேயே வைத்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. அவற்றுக்கும் பிடித்தமான மனிதர்கள் இருந்தார்கள், உலாவப் போக இடம் இருந்தது.

காலை ஆறரை மணி

சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பிப் போனால் வரும் ஒரு காப்பகத்தில் வாரந்தோறும் வேலை செய்கிறேன். சம்பளமில்லாத வேலை. அங்கே பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை கழுவுவது. வாலண்டியராக வருகிறவர்களில் பாதிப் பேர் நாய்க்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சும் கனவோடு வருகிறார்கள். கையில் வைப்பரையும் ஹோஸ் பைப்பையும் கொடுத்ததும் முகம் மாறிவிடுகிறது. கழுவுவதுதான் இங்கே மருத்துவத்தின் பெரும்பகுதி. குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோகிற பார்வோ வைரஸ் தரையிலும் செருப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்குப் பிளீச்சிங் கரைசல்தான் எமன். குட்டிகள் அறைக்குத் தனிச் செருப்பு, தனித் துடைப்பம், தனி வாளி. பூனை அறைக்குள் பினாயில் வாசமே வரக் கூடாது. அதிலுள்ள ஃபீனாலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதாது. தரையில் நடந்த காலை நக்கினாலே விஷம் உள்ளே போய்விடும். நம் வீடுகளில் பூனை வளர்ப்பவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

பின்கட்டில் அண்டா கொதிக்கும். குருணை அரிசி, கோழி ஈரல், ஒரு பிடி மஞ்சள். உப்பு கிடையாது, வெங்காயம் கிடையாது. பிறந்தநாளுக்கு, நினைவுநாளுக்கு என்று மிச்சமான பிரியாணியை ஆசையாகக் கொண்டுவருவார்கள். அதில் வெங்காயமும் சமைத்த எலும்பும் இருக்கும். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். வெந்த எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த முறை ஒரு மூட்டை அரிசியாகக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்புவோம்.

அடிபட்டு நடக்க முடியாதவை ஒரு தனி வராந்தாவில் இருக்கின்றன. அவற்றைப் புரட்டிப் போட வேண்டும். ஒரே பக்கம் படுத்தால் புண் விழும், புண்ணில் ஈ உட்காரும், மறுநாள் புழு. முதுகெலும்பு உடைந்த நாய்க்குச் சிறுநீர் தானாக வராது. அடிவயிற்றில் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து, மூத்திரப்பை எங்கே இருக்கிறது என்று தடவிக் கண்டுபிடித்து, மெதுவாக, ஒரே சீரான அழுத்தத்தில் அமுக்கி எடுக்க வேண்டும். நாளைக்கு மூன்று முறை, ஆயுள் முழுக்க. அங்கே வேலை பார்க்கும் அக்கா ஒருவர் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். “கை நடுங்கினா அதுவும் நடுங்கும் தம்பி. மூச்சை விட்டுட்டு அமுக்குங்க” என்றார். எந்தக் கால்நடை மருத்துவப் புத்தகத்தையும் அவர் படித்ததில்லை. அவர் கைக்கு வந்த நாய்களுக்குப் படுக்கைப் புண் வந்து நான் பார்த்ததில்லை. இப்படிப்பட்டவர்களின் கைகளில்தான் நம் காப்பகங்கள் ஓடுகின்றன. இவர்களுக்குக் கிடைக்கும் சம்பளம், செய்கிற வேலைக்குப் பக்கத்தில்கூட வராது. நன்கொடை கொடுப்பவர்கள் மருந்துக்கும் கூண்டுக்கும் என்று குறித்துக் கொடுக்கிறார்கள். ஊழியர் சம்பளத்துக்கு என்று கொடுங்கள். அதைவிடப் பெரிய உதவி இல்லை.

செம்பி

செம்பி ஒரு நாட்டு நாய். செங்கல் நிறம், வால் நுனி மட்டும் வெள்ளை. குட்டியாக இருந்தபோது யாரோ நைலான் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். பிறகு அவிழ்க்க மறந்தார்களோ, அது அறுத்துக்கொண்டு ஓடியதோ, கயிறு கழுத்திலேயே தங்கிவிட்டது. நாய் வளர்ந்தது, கயிறு வளரவில்லை. தாம்பரம் பக்கம் பிடித்துக் கொண்டுவந்தபோது கயிறு தோலுக்கு அடியில் போயிருந்தது. மேலே சதை மூடியிருந்தது. மருத்துவர் மயக்க ஊசி போட்டுத்தான் வெட்டி எடுத்தார். இப்போது கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத ஒரு வரி இருக்கிறது, ஒரு விரல் அகலத்துக்கு.

புண் ஆறிய பிறகும் பயம் ஆறவில்லை. யார் உள்ளே வந்தாலும் பின்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தலைக்கு மேலே கை போனால் உடம்பு முழுக்க இறுகும். துடைப்பத்தைப் பார்த்தால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும். அக்கா அதன் கூண்டுக்கு வரும்போது மட்டும் துடைப்பத்தை வெளியே சுவரில் சாய்த்துவிட்டு, வெறும் பைப்பால் கழுவுவார். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவராகப் பார்த்துச் செய்தது.

“நின்னுக்கினு பார்த்தீங்கன்னா அடிக்க வந்தவன்னுதான் அதுக்குத் தோணும். உக்காருங்க தம்பி. மூஞ்சியப் பாக்காதீங்க. உங்க பாட்டுக்கு ஏதாவது வேலையப் பாருங்க.”

அப்படித்தான் செம்பியின் கூண்டில் உட்கார ஆரம்பித்தேன். அதற்குப் பக்கவாட்டில் திரும்பி, தரையில் உட்கார்ந்து, அன்றைய தினசரியை மெல்லிய குரலில் வாசிப்பேன். சந்தை நிலவரம், மின்தடை அறிவிப்பு, எதுவானாலும் ஏற்ற இறக்கமில்லாத குரலில். அவ்வப்போது ஒரு துண்டு ஈரலை அதற்குப் பின்பக்கமாகப் போடுவேன். முன்னால் போட்டால் அதை எடுக்க என் பக்கம் வரவேண்டிய நெருக்கடி வந்துவிடும். பின்பக்கம் போட்டால் சாப்பாடும் கிடைக்கும், என்னிடமிருந்து விலகவும் செய்யலாம். பயந்த உயிருக்கு விலகிப் போகும் வழி திறந்திருக்கிறது என்பது தெரிய வேண்டும். அது தெரிந்த பிறகுதான் நெருங்கி வருவதைப் பற்றியே யோசிக்கும்.

மழைக்காலம் போய்ப் பொங்கலும் வந்தது. ஒரு நாள் பேப்பரைப் புரட்டும்போது முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. செம்பியின் மூக்கு. ஒரு முறை முகர்ந்துவிட்டு உடனே சுவருக்குப் போய்விட்டது. நான் அசையவில்லை, வாசிப்பையும் நிறுத்தவில்லை. அடுத்த வாரம் செருப்பை முகர்ந்தது. பிறகு சட்டைப் பையை. தொடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கையைத் தாடைக்குக் கீழே கொண்டுபோய், மார்புப் பக்கம் இரண்டு மூன்று நொடி மட்டும் தடவிவிட்டு எடுத்துவிட வேண்டும். நாய் விலகினால், போதும் என்று அர்த்தம். நம் பக்கம் சாய்ந்தாலோ மூக்கால் கையை இடித்தாலோ இன்னும் கொஞ்சம் தடவலாம். தொடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் அதனிடமே கேட்டுக்கொண்டுதான் தொடுகிறோம். செம்பி முதல் முறை சாய்ந்தபோது அதன் முழு எடையும் என் விலாவில் வந்து இறங்கியது.

கொல்கத்தாவின் ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெரு நாய்களைத்தான் ஆராய்கிறது. 2017-ல் வந்த அவர்களுடைய ஆய்வு ஒன்றில், அறிமுகமில்லாத ஒருவர் சில நாய்களுக்குத் திரும்பத் திரும்ப உணவு கொடுத்தார், சில நாய்களைத் தடவிக் கொடுத்தார். நாட்கள் போகப் போக எந்த நாய்கள் அவரை அதிகம் நம்பின என்று பார்த்தால், தடவிக் கொடுக்கப்பட்டவை. பிஸ்கட் பாக்கெட்டோடு தெருவுக்குத் தெரு போகிற அன்பர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். அக்காவுக்கு நிச்சயம் இருக்காது.

மீட்கப்பட்ட பிராணிகள் நன்றியோடு இருக்கும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். நான் அதை நம்பவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. செம்பி எனக்கு எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. கயிற்றைக் கட்டியவனும் மனிதன்தான் என்பது அதற்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே அது இன்னொரு மனிதனின் பக்கத்தில் வந்து உட்கார்கிறது. இந்த உறவில் பெரிய காரியத்தைச் செய்தது அதுதான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு நாய் நம்மை மட்டும் நம்புவது நமக்குப் பெருமையாக இருக்கும். நாய்க்கு அது ஆபத்து. நமக்குக் காய்ச்சல் வந்தால்? வேலை மாறி பெங்களூரு போய்விட்டால்? அதனால் செம்பி என்னிடம் பழகியதுமே இன்னொருவரைக் கூட்டிவர ஆரம்பித்தோம். முதலில் ஒரு கல்லூரி மாணவி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு நான் கூண்டுக்கு வெளியே, அவர் உள்ளே. பிறகு ஒரு ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். அவர் இருமினாலே செம்பி ஓடும், அவரிடம் பழக நிறைய நாள் பிடித்தது. கழுத்தில் தழும்பு இருப்பதால் பெல்ட் போட முடியாது. மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸை சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் போட்டுவைத்தோம், அதன் வாசம் பழகட்டும் என்று. இப்போது செம்பி கேட் வரை நடந்து வருகிறது. பைக் சத்தம் கேட்டால் நின்றுவிடும். நாங்களும் நிற்போம்.

மற்றவை

பூனைகளிடம் பழகுவது இதைவிட எளிது, விதிகள் வேறு. ஒற்றைக் கண் ஆண் பூனை ஒன்றுக்கு யாரோ கட்டபொம்மன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அலமாரி மேலிருந்து உறுத்துப் பார்க்கும். பதிலுக்கு உறுத்துப் பார்த்தால் சண்டைக்கு அழைத்ததாக எடுத்துக்கொள்ளும். கண்ணை மெதுவாக மூடி, மெதுவாகத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனிதர் மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனையும் சிமிட்டுகிறது, முன்பின் தெரியாதவர் என்றாலும் நெருங்கி வருகிறது. கட்டபொம்மனுக்கு இருக்கும் ஒரு கண்ணால் அவன் பதில் சொல்வான்.

கொட்டகையில் மாடுகள் இருக்கின்றன. பால் தராது என்பதால் பிறந்த வாரத்திலேயே விரட்டிவிடப்பட்ட ஜெர்சி காளைக் கன்றுகள், குப்பைத்தொட்டியில் மேய்ந்து வயிறு நிறைய பிளாஸ்டிக் சேர்ந்த பசுக்கள். கடற்கரையில் சவாரிக்கு ஓடி ஓடிக் கால் போன ஒரு குதிரையும் உண்டு. அதனிடம் போகும்போது வலப்பக்கமோ இடப்பக்கமோ, அது பார்க்கும்படிப் பேசிக்கொண்டே போக வேண்டும்; பின்னாலிருந்து போகக் கூடாது. கழுத்தடியில் சொறிந்துவிட்டால் கீழுதடு தொங்கிப்போய் நின்றுவிடும். பெரிய உடம்பு அப்படித் தளர்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது தனிச் சுகம்.

ஓர் இரவு வெளியே

கனாப் சரணாலயத்தில் வாலண்டியர்கள் ஒரு நாயை இரவு தங்கள் விடுதி அறைக்குக் கூட்டிப்போகலாம். கேட்கும்போது சுற்றுலா ஏற்பாடு மாதிரி தோன்றும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் சரணாலயத்திலும் வேறு நான்கு காப்பகங்களிலும் நாய்களின் சிறுநீரைச் சேகரித்துக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றிரண்டு இரவு ஒரு வீட்டில் தங்கினாலே அளவு இறங்குகிறது. நாய் தொந்தரவில்லாமல் நீண்ட நேரம் தூங்குகிறது. காப்பகத்துக்குத் திரும்பினால் அளவு பழைய இடத்துக்கு ஏறுகிறது. அதற்கு மேலே போவதில்லை. கூட்டிப்போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டால் நாய் ஏங்கிப்போகும் என்று சொல்லித் தயங்குகிறவர்களுக்கு இது பதில். நூறு நாய் குரைக்கும் இடத்தில் எந்த நாயும் ஆழ்ந்து தூங்குவதில்லை. ஒரு சனிக்கிழமை இரவு உங்கள் ஹாலில் மின்விசிறிக்கு அடியில் படுத்துத் தூங்கட்டும். இன்னொரு நன்மையும் இருக்கிறது. வீட்டில் எப்படி நடந்துகொள்கிறது, மாடிப்படி ஏறுமா, குழந்தையைப் பார்த்தால் என்ன செய்கிறது என்பதெல்லாம் காப்பகத்துக்குத் தெரியவரும். தத்துக்கு ஆள் தேட அது பெரிய உதவி.

தத்து என்றாலே இங்கே முதல் கேள்வி, ‘லாப் இருக்கா? ஹஸ்கி இருக்கா?’ சைபீரியப் பனிக்காகப் படைக்கப்பட்ட ரோமத்தோடு சென்னை மே மாதத்தில் மூச்சிரைக்கும் ஹஸ்கியைப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். குட்டையான ரோமம், இந்த வெயிலைத் தாங்கும் உடம்பு, சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் புத்தி எல்லாம் நம் நாட்டு நாய்க்குத்தான் உண்டு. அதுவும் பெண் குட்டி என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, இலவசமாகக் கொடுக்கத் தயாராக நிற்கிறோம்.

கேட்டுக்கு வெளியே

இனி சங்கடமான பகுதி. கொல்லாத காப்பகம் என்று பெயர் பரவியதும், விடிவதற்குள் கேட்டில் கோணிப்பை கிடக்கும். உள்ளே கண் திறக்காத குட்டிகள். அட்டைப்பெட்டியில் பூனை. கம்பத்தில் கட்டப்பட்ட கிழட்டு பொமரேனியன். எல்லாவற்றையும் உள்ளே எடுத்தால் ஆறு நாய் இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து இருக்கும். சண்டை வரும், பார்வோ வரும், டிஸ்டம்பர் வரும். நெரிசலும் கொல்லும். ஊசி போடவில்லை என்பதற்காக அந்தச் சாவுகளுக்குக் காப்பகம் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. இடமில்லை என்று சொல்லத் தெரியாத காப்பகம் கொஞ்ச நாளில் கிடங்காகிவிடும் என்பது என் உறுதியான கருத்து. கருத்தடை வேலை வெளியே நடந்தால்தான் உள்ளே இருக்கிற உயிருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

2025 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத் தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் நிரந்தரமாக அடைக்கச் சொன்னபோது நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோய் உள்ளவை, ஆக்ரோஷமானவை மட்டும் விதிவிலக்கு. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க உத்தரவு வந்தது. கடிபட்ட குழந்தையின் பெற்றோருக்கு இருக்கும் கோபத்தை நான் ஒரு நாளும் குறைத்துப் பேச மாட்டேன். வெறிநோய் வெளிப்பட்டபின் மீட்பு என்பது அநேகமாக இல்லை. ஆனால், சென்னையில் மட்டும் தெரு நாய்கள் சுமார் 1.8 லட்சம் என்கிறது 2024 கணக்கெடுப்பு. சில நூறு நாய்களுள்ள ஒரு காப்பகத்தில் புரட்டிப் போடவும் மூத்திரம் எடுக்கவும் கை போதாமல் திணறுகிறோம். உத்தரவுப்படி சுவரும் கூரையும் எழும்பிவிடும். துடைப்பத்தை வெளியே சாய்த்துவிட்டு உள்ளே போகிற அக்காக்களை எந்த டெண்டரில் எடுப்பார்கள்?

வர நினைப்பவர்களுக்கு

வருவதற்கு முன்னால் வெறிநோய்க்கான முன்தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். காப்பகத்தில் கேட்டால் அட்டவணை சொல்வார்கள். அதைப் போட்டிருந்தாலும், பல் பட்டால், நகம் கீறினால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நம் வீட்டு நாய் கீறினாலும் இதே விதிதான். முழுக்கால் பேன்ட், மூடிய செருப்பு, நகையில்லாத கை. வாசனைத் திரவியம் வேண்டாம், அவற்றின் மூக்குக்கு அது பெரிய இரைச்சல். முதல் நாளே எதையும் தூக்காதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள். செல்ஃபி எடுக்கக் கூண்டுக்குள் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். நாயைப் பார்த்தால் பயம் என்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. அரிசி கழுவலாம், மருந்துப் பதிவேடு எழுதலாம், பழைய போர்வை துவைக்கலாம், தத்துக்கு வருகிறவர்களோடு போனில் பேசலாம்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துவிட்டு வாருங்கள். ஒரு வாரம் உற்சாகமாக வந்து ஏழெட்டு நாய்களிடம் பழகிவிட்டு மறைந்துவிடுவதைவிட, மாதத்துக்கு இரண்டு காலை, வருடம் முழுக்க, ஒரே நேரத்துக்கு வருவது மேல். நாய்க்கு நேரம் தெரியும். நீங்கள் வரும் நாளில் அது கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் நிற்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம் வருகிறது. புதன், வியாழன் காலைகளில் அக்காவும் இன்னும் இரண்டு ஊழியர்களும் மட்டும் இருக்கிறார்கள். அந்த இரண்டு நாளுக்குத்தான் ஆள் தேவை.